ஐப்பசி மழையில் வெளிப்பட்ட சிவப்புப் புள்ளிக் கல்: இது என்ன பாறை?

ஊவாச்சாரல்:

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் ஊவா மலைப்பகுதியில், அப்புத்தளைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஐப்பசி மழைக்குப் பின்னர் தோட்டப் பாதையின் மேற்பக்க மண்மேடு ஓரிடத்தில் சரிந்தது. அதற்குள் புதைந்திருந்த கற்கள் சில மழைக்கானுக்குள் விழுந்து கிடந்தன. பாதையைத் துப்புரவாக்க வந்தவர்கள் அவற்றை ஓரமாகத் தள்ளியபோது ஒரு கல் இரண்டாகப் பிளந்தது. அதன் ஒரு பாதியைத்தான் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

வெளிப்புறம் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில், சொரசொரப்பாக உள்ளது. பிளந்த முகமோ முற்றிலும் வேறு மாதிரி: சாம்பல் வெள்ளை நிறத்தில் மெல்லிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன, அவற்றுக்கிடையே கடுகளவிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவு வரையில் ஊதா கலந்த சிவப்பு மணிகள் பதிந்துள்ளன. மணிகளைச் சுற்றி வளைந்து செல்லும் வெண்ணிற இழைகளும், விரலில் கரியைப் போல ஒட்டிக்கொள்ளும் பளபளப்பான கருஞ்செதில்களும் காணப்படுகின்றன. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரண காந்தம் இதில் ஒட்டவில்லை. பார்ப்பதற்கு இருக்கும் அளவைவிடக் கையில் எடுத்தால் கனம் கூடுதலாகத் தெரிகிறது.

செய்தி அதற்குள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் முழுவதும் பரவிவிட்டது. சிவப்புக்கல் கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு நகரத்திலிருந்து ஒரு தரகர் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். நான் தரம் 10 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிப்பவள். ஆகவே இதன் விலையைவிட, இதை என்னவென்று எவ்வாறு கண்டறிவது என்பதையே அறிய விரும்புகிறேன். வழி தெரிந்தால் மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். மூன்று படங்களை இணைத்துள்ளேன்.

கல்நோக்கி:

படங்களுக்கு நன்றி. நிறத்தை மட்டும் வைத்துப் பாறைக்குப் பெயர் சொல்வது நம்பத்தக்க வழி அன்று. நீங்கள் எழுத்தில் தந்த விபரங்களே படங்களைவிடக் கூடுதலாகப் பேசுகின்றன. இருந்தாலும் சில விடயங்கள் தேவைப்படுகின்றன.

முதலாவதாக, கல்லின் விளிம்புகள் கூராக இருந்தனவா, உருண்டு மழுங்கியிருந்தனவா? மண்மேட்டுக்குள் கூரான விளிம்புகளோடு கிடந்த கல் பெரும்பாலும் அதே சரிவில், அதற்கு மேலே உள்ள பாறையிலிருந்து பிரிந்து வந்ததாகவே இருக்கும். ஓடையில் உருண்டு வந்த கல்லென்றால் அதன் பிறப்பிடம் எங்கோ தொலைவில் இருக்கலாம். மலையகத்தில் கிடைக்கும் கல்லை அடையாளம் காண்பதில் பாதி வேலை இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவதாக, அடர்த்தியை அளந்து பாருங்கள். சமையலறைத் தராசின்மேல் நீர் நிரம்பிய ஒரு வாளியை வைத்துத் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, வாளியின் அடியிலும் பக்கங்களிலும் படாதவாறு நீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் எண்ணிக்கையே கல்லின் கனவளவு, கன சென்ரிமீற்றரில். உலர்ந்த நிறையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். இதையே தனியாக உதிர்ந்த ஒரு சிவப்பு மணிக்கும் செய்ய வேண்டும். ஆனால் அதற்கு நகைக்கடைத் தராசு வேண்டும்.

மூன்றாவது கேள்வியே எனக்கு மிக முக்கியமானது. சிவப்பு மணிக்குப் பக்கத்தில், அதைத் தொட்டுக்கொண்டு என்ன கனிமம் இருக்கிறது? கண்ணாடிபோல் மங்கலாக ஒளிரும், தட்டையான பிளவு முகம் இல்லாத, கத்தி முனையால் கீற முடியாத சாம்பல் நிறப் பொருள் அங்கு இருந்தால் அதைக் கவனமாகப் பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலும் கல் தேடி அந்த மண்மேட்டைத் தோண்ட வேண்டாம். மாணவர்களையும் அங்கு அழைத்துச் செல்ல வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு ஊவாவில் இருக்கும் யாருக்கும் மறந்திருக்காது.

பண்டாரவளையான்:

டீச்சர், என் மாமா இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளில் வேலை செய்தவர். படத்தை அவரிடம் காட்டியபோது, ஊதா கலந்த சிவப்பு என்றால் அதை இலேசில் விட்டுவிடக் கூடாது என்றார். பலாங்கொடையிலும் பொகவந்தலாவையிலும் மாணிக்கக்கல் எடுக்கிறார்கள். அங்கிருந்து நம் மலை அவ்வளவு தூரமில்லை. தரகர் வந்தால் விலை பேசாமல், கல்லைக் கையில் கொடுக்காமல் இருப்பது நல்லது. இது மாணிக்கமாக இருக்க வாய்ப்பிருக்கிறது என்பதே என் எண்ணம்.

ஊவாச்சாரல்:

கேட்டவற்றுக்கு விடை தருகிறேன். விளிம்புகள் கூராகவே உள்ளன. ஓடைக்கல்லின் வழவழப்பு எங்கும் இல்லை.

பாதிக் கல்லின் உலர்ந்த நிறை 1,872 கிராம். நீரில் தொங்கவிட்டபோது தராசு காட்டியது 604. ஆகவே அடர்த்தி கிட்டத்தட்ட 3.10. பிளந்த இடத்தில் தானாகக் கழன்று வந்த ஒரு மணியை நகைக்கடையில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் அளந்து தந்தார்: 5.12 கிராம், நீரில் 1.30. அதன்படி அடர்த்தி 3.94.

மணியின் ஒரு பக்கத்தில் ஒழுங்கான முகங்கள் சில தெரிகின்றன. அவை சாய்சதுரம் போன்றவை. அறுகோணத் தூண் வடிவம் எதுவும் தெரியவில்லை. மணிகளைத் தொட்டுக்கொண்டு இருப்பது நீங்கள் சொன்ன அதே பொருள்தான் என்று நினைக்கிறேன்: சாம்பல் நிறம், உடைந்த போத்தலின் முகம்போல் வளைந்த உடைவு, கத்தியால் கீறினால் கத்தியின் இரும்பே அதில் கோடாகப் படிகிறது. கருஞ்செதிலைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடு போல விழுகிறது.

பண்டாரவளையான்:

3.94 என்றால் விடயம் முடிந்துவிட்டதே! நீலக்கல்லுக்கும் மாணிக்கத்துக்கும் அடர்த்தி 4.0 என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. நகைக்கடைத் தராசில் இந்தச் சிறு வித்தியாசம் வருவது இயல்பு. இப்போது கூட இது வெறும் கல் என்று யாராவது சொல்வார்களா?

கல்நோக்கி:

அடர்த்தியைச் சரியாகவே பிடித்துக்கொண்டீர்கள், ஆனால் அதே எண்ணுக்கு இன்னோர் உரிமையாளரும் இருக்கிறார். குருந்தம், அதாவது நீலமும் மாணிக்கமும் சேர்ந்த கனிமக் குடும்பம், 4.0 அளவில் நிற்கிறது. நம் மலைப் பாறைகளில் சாதாரணமாகக் காணப்படும் கார்னட் என்ற சிவப்புக் கனிமம், பைரோப், அல்மண்டைன் என்னும் இரு வகைகள் ஒரே படிகத்துக்குள் கலந்த திண்மக் கரைசல். தூய பைரோப் 3.6 அளவிலும், தூய அல்மண்டைன் 4.3 அளவிலும் இருப்பதால், கலப்பு விகிதத்தைப் பொறுத்து கார்னட்டின் அடர்த்தி இரண்டுக்கும் இடையில் எங்கும் விழலாம். 3.94 அந்த இடைவெளிக்குள் வசதியாக அமர்ந்திருக்கிறது. ஆகவே அடர்த்தி இங்கே தீர்ப்புச் சொல்லாது. அது வேறு சில மணிக்கற்களை மட்டும் வெளியேற்றுகிறது: ஸ்பினல் 3.6, தோரமல்லி (டூர்மலின்) 3.1 அளவு, சேர்க்கன் (ஸிர்க்கான்) பொதுவாக 4.6 அளவு. இந்த மூன்றும் பட்டியலிலிருந்து போய்விட்டன.

தீர்ப்பு ஆசிரியை எழுதிய அடுத்த வரியில் இருக்கிறது. மணியைத் தொட்டுக்கொண்டு இருப்பது குவார்ட்ஸ். வளைந்த உடைவும், கத்தியின் இரும்பு கோடாகப் படியும் கடினமும் அதை உறுதிப்படுத்துகின்றன. குருந்தம் என்பது அலுமினியம் ஒட்சைட்டு. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. இவ்விரண்டும் ஒரே பாறையில் பக்கத்தில் பக்கத்தில், ஆழத்தின் வெப்பத்தில் நீண்ட காலம் கிடந்தால் ஒன்றோடொன்று வினைபுரிந்து சிலிமனைட்டு போன்ற அலுமினோசிலிக்கேட்டாக மாறிவிடும். ஆகவேதான் நீலமும் மாணிக்கமும் சிலிக்கா குறைந்த பாறைகளிலேயே விளைகின்றன: பளிங்குக்கல்லின் ஓரங்களில், சிலிக்காவை இழந்த பெக்மடைட்டு என்ற பருமணிப் பாறைகளில், அத்தகைய பிற சூழல்களில். தாராளமாகக் குவார்ட்ஸ் உள்ள ஒரு பாறையில் குவார்ட்ஸை ஒட்டிக்கொண்டு சிவப்பு மணி இருந்தால், அது குருந்தம் என்ற எண்ணத்தைப் பொதுவாகக் கைவிட்டுவிடலாம். அண்டை வீட்டாரைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பதைப் போன்றது இது.

மணியின் முகங்களும் இதே பக்கம்தான் சாய்கின்றன. கார்னட் பன்னிரண்டு சாய்சதுர முகங்களோடு, அல்லது இருபத்துநான்கு நாற்கோண முகங்களோடு வளரும். குருந்தம் அறுகோணத் தூணாகவோ இரு முனையும் ஒடுங்கிய பீப்பாய் வடிவிலோ வளரும்; அதன் முகங்களில் குறுக்குக் கோடுகள் தெரியும்.

இன்னும் ஐயம் இருப்பவர்கள் இரண்டு சோதனைகளைச் செய்யலாம். பழைய ஒலிபெருக்கியிலிருந்தோ கணினி வன்தட்டிலிருந்தோ கிடைக்கும் நியோடிமியம் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு ரெஜிபோம் (தெர்மாகோல்) துண்டின்மேல் மணியை வைத்து நீரில் மிதக்கவிட்டு, காந்தத்தை அருகே கொண்டு செல்லுங்கள். இரும்பு உள்ள கார்னட் மெதுவாக இழுபட்டு வரும், மாணிக்கம் அசையாது. அடுத்தது, பணத்தாள் பரிசோதிக்கும் புறவூதா டோர்ச்சை இருட்டில் அடித்துப் பார்ப்பது. குரோமியத்தால் சிவந்த மாணிக்கம் பெரும்பாலும் தணல்போல் சிவந்து ஒளிரும். கார்னட் இருண்டே கிடக்கும்.

இரத்தினபுரிப் பெரியவர்:

மகள், நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. நான் படித்தவன் அல்லன். ஆனாலும் இல்லம், அதாவது மாணிக்கக்கல் கிடக்கும் சரளை, கழுவியே வாழ்நாளைக் கழித்தவன். குழியிலிருந்து இல்லத்தை எடுத்துக் கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றினால், மண்ணும் இலேசான கல்லும் வெளியே போய்க் கனமானவை அடியில் நிற்கும். அப்படி அடியில் சிவப்பாக நிற்பதில் பெரும் பங்கு கார்னட்தான். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் அதைப் பார்த்துத் துள்ளுவார்கள், நாங்கள் பேசாமல் இருப்போம்.

பெரிய கார்னட் மணிகள் பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் உள்ளே வெடிப்புகள் நிறைந்திருக்கும். வெடிப்பில்லாத துண்டு கிடைத்தாலும், பருமனாகப் பட்டை தீட்டினால் நிறம் இருண்டு கறுத்துவிடும். பாறைக்குள் பதிந்திருக்கும் மணியை உடைத்தெடுத்தால் தூளாகத்தான் வரும். ஆற்றில் வரும் கல்லுக்கு மதிப்பு இருப்பதற்கு ஒரு காரணம், வெடிப்புள்ளதெல்லாம் வழியிலேயே உடைந்து போய், உறுதியானது மட்டும் வந்து சேர்வதுதான்.

தம்பியின் மாமா சொன்னதில் ஒன்று சரி. தரகரிடம் கல்லைக் கொடுத்துவிட்டுப் பின்னர் தேடாதீர்கள். ஆனால் அவரும் இதை வாங்க மாட்டார். மாணிக்கக்கல் அகழ்வதற்கு தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் லயனில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள். வதந்தியை நம்பி இரவோடு இரவாக மண்ணைத் தோண்டி மாட்டிக்கொண்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

விண்மீன்காதலன்:

வெளிப்புறம் துரு நிறம், கனம் கூடுதல் என்கிறீர்கள். விண்கல்லாக இருக்கக்கூடுமா என்பதையும் யாராவது பார்க்க வேண்டாமா?

கல்நோக்கி:

பார்க்கத் தேவையில்லை. பட்டைபட்டையாக அடுக்கப்பட்ட அமைப்பும், கண்ணுக்குத் தெரியும் அளவில் குவார்ட்ஸும், பெரிய கார்னட் மணிகளும் விண்கற்களில் காணப்படுவதில்லை. விண்கற்களில் மிகப் பெரும்பாலானவற்றில் உலோக இரும்பு இருப்பதால் சாதாரண காந்தமே ஒட்டும். இங்கு அதுவும் ஒட்டவில்லை. துரு நிறத்துக்குக் காரணம் கார்னட்டில் உள்ள இரும்பு, நம் மழையிலும் மண்ணிலும் சிதைந்து ஒட்சைட்டாகப் படிந்தது. மலையகத்தில் பல பாறைகளின் தோல் துருவாகவே இருக்கும். தோலைப் பார்த்துப் பெயர் சொல்வதைவிட உடைத்துப் பார்ப்பது மேல்.

பலாங்கொடைவாசி:

இதே உரையாடலில் கேட்பது பொருந்தும் என நினைக்கிறேன். சமனலவாவிப் பக்கத்துச் சரிவொன்றில் கறுப்பு நிறத்தில், ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளத்து, மறுபக்கம் குமிழி குமிழியாகத் துளைகள் உள்ள கனமான கட்டிகளைக் கண்டேன். எரிமலைக் குழம்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியோடிமியம் காந்தம் சற்று ஒட்டுகிறது.

கல்நோக்கி:

மலையகத்தில் எரிமலை கக்கிய குழம்புப் பாறைகள் இல்லை. ஆகவே இங்கே குமிழித் துளைகள் உள்ள கறுப்புக் கட்டியைக் கண்டால் முதலில் நினைக்க வேண்டியது இரும்புக் கிட்டத்தை, அதாவது உலையில் இரும்பை உருக்கியபோது கழிந்த கசடை. நீங்கள் சொல்லும் இடத்தைப் பொறுத்தவரை இது வெறும் ஊகம்கூட அன்று. சமனலவாவிச் சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகப் பயன்படுத்தி இயங்கிய பழைய இரும்புலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அகழ்ந்து, 1996ஆம் ஆண்டில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் விபரித்தார். காற்றை எதிர்நோக்கி மேற்குச் சரிவின் விளிம்பில் வரிசையாகக் கட்டப்பட்ட அவ்வுலைகள் கி.பி. முதலாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை. அதே போன்ற உலை ஒன்றைக் கட்டி, காற்றை மட்டும் கொண்டு இரும்பு உருக்கியும் காட்டினார்கள்.

ஆகவே கட்டிகளைச் சேகரிக்க வேண்டாம். கிடக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இடத்தைவிட்டுப் பெயர்ந்த கிட்டம் தொல்லியலாளருக்கு அநேகமாகப் பயனற்றது.

பேராதனை மாணவன்:

ஆசிரியைக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நான் புவிச்சரிதவியல் பயிலும் மாணவன். மணி கார்னட் என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. ஆனால் ஆசிரியை கேட்டது பாறையின் பெயரை. அதற்கு மணியைவிட, எல்லோரும் கடந்து சென்ற அந்த வெள்ளை இழைகளும் கருஞ்செதில்களும்தான் முக்கியமானவை.

தாளில் கோடு விழும் செதில் காரியம், அதாவது பென்சில் முனையில் உள்ள கிராபைட்டு. கறுப்பு மைக்கா என்றால் நகத்தால் ஏடு ஏடாக உரியும், தாளில் எழுதாது. கார்னட் மணிகளைச் சுற்றி வளைந்து செல்லும் வெள்ளை இழை சிலிமனைட்டாக இருக்க வேண்டும். குவார்ட்ஸ், பெல்ஸ்பார், கார்னட், சிலிமனைட்டு, காரியம் ஆகிய ஐந்தும் சேர்ந்து பட்டைபட்டையாக அமைந்த பாறைக்குக் கொண்டலைட் என்று பெயர். மலையகத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிய உயர்நிலத் தொகுதியின் சிறப்புப் பாறைகளுள் இதுவும் ஒன்று.

இந்தச் சேர்க்கை பாறையின் பழைய வரலாற்றையும் சொல்கிறது. அலுமினியம் மிகுந்த சிலிமனைட்டு இவ்வளவு இருக்க வேண்டுமானால், பாறையின் மூலப்பொருள் களிமண் மிகுந்த சேறாக இருந்திருக்க வேண்டும். அச்சேற்றோடு கலந்து புதைந்த அக்கால நுண்ணுயிர்களின் கரிமமே செதில்களாகக் கிடக்கும் இந்தக் காரியத்துக்குப் பொதுவாக மூலமாகக் கருதப்படுகிறது. போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் காரியம் வேறு வகை; அது பாறை வெடிப்புகளில் பாய்மங்களிலிருந்து படிந்து நரம்புகளாக நிற்பது. கடலடிச் சேறு கண்டங்களின் மோதலில் 25 முதல் 30 கிலோமீற்றர் ஆழம் வரை அமிழ்ந்து, 800 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் கிடந்தபோது கார்னட் மணிகள் வளர்ந்தன. அது இற்றைக்கு ஏறக்குறைய 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முந்திய நிகழ்வு. அப்போது இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், கிழக்கு அந்தாட்டிக்கா ஆகியவை கொண்டுவானா நிலத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தமிழகத்தின் தென்பகுதியிலும் கேரளத்திலும் இதே பாறைகள் காணப்படுவதற்கு அதுவே காரணம்.

ஆசிரியையின் எண்களிலிருந்து இன்னொரு கணக்கும் போடலாம், மாணவர்களுக்குப் பிடிக்கும். கார்னட் நீங்கலான பகுதிக்கு 2.7 என்றும், கார்னட்டுக்கு 3.9 என்றும் அடர்த்தி கொண்டால், முழுக் கல்லுக்கு 3.10 வருவதற்குக் கனவளவில் மூன்றில் ஒரு பங்கு கார்னட்டாக இருக்க வேண்டும். சிலிமனைட்டின் அடர்த்தி 3.2 அளவு என்பதால் உண்மைப் பங்கு அதைவிடச் சற்றுக் குறையும். பிளந்த முகத்தின்மேல் கட்டங்கள் வரைந்த கண்ணாடித் தாளை வைத்து, கோடுகள் வெட்டும் புள்ளிகளில் சிவப்பில் விழுபவை எத்தனை என்று எண்ணினால் இந்தக் கணக்கு சரியா என்று பார்த்துவிடலாம்.

நுவரெலியாவாசி:

கார்னட் உள்ள சார்னோக்கைட்டும் நம் பக்கத்தில் நிறையவே இருக்கிறதே. அதுவாக இருக்கக் கூடாதா? வீதிக்குச் சல்லி உடைக்கும் கருங்கல்லில் சிவப்பு மணிகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பேராதனை மாணவன்:

நியாயமான கேள்வி, அண்ணா. சார்னோக்கைட்டின் புதிய உடைவு முகம் பச்சை கலந்த கருமையாக, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு இருக்கும். சென்னைக்கு அருகே பரங்கிமலையில் உள்ளதும் அதே பாறைதான். அதில் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைரொக்சீன் கனிமம் இருக்கும். சிலிமனைட்டும் செதில் காரியமும் சாதாரணமாக இருப்பதில்லை. ஆசிரியையின் கல்லோ சாம்பல் வெள்ளை, இழை உண்டு, காரியம் உண்டு. மலையகத்தில் இரு பாறைகளும் மாறி மாறி அடுக்குகளாக வருவதால், ஒரே தோட்டத்தில் இரண்டையும் காண்பது அரிதன்று. சார்னோக்கைட் வானிலைக்குத் தாக்குப்பிடித்து முகடாக நிற்கும். கொண்டலைட் விரைவாகச் சிதைந்து சிவந்த மண்ணாகும்.

இன்னொரு தகவலையும் இங்கே சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் நம்மில் பலர் ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராக மட்டுமே அறிவோம். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவையின் பணிப்பாளராக இருந்தவர் அவர். கண்டிக்கு அருகே அம்பக்கோட்டைப் பகுதியில் கிடைத்த செரண்டிபைட்டை, பிரையர் என்ற கனிமவியலாளருடன் சேர்ந்து 1903இல் புதிய கனிமமாக அறிவித்தார். 1904இல் பலாங்கொடைப் பக்கத்து ஓடைச் சரளையிலிருந்து தோரியனைட்டை வெளிக்கொணர்ந்தார். இந்தத் தோரியனைட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு: கறுப்பு நிறத்தில், கனசதுர வடிவில், 9க்கு மேற்பட்ட அடர்த்தியோடு கையை இழுக்கும் சிறு மணி கிடைத்தால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிய வேண்டாம். அது கதிரியக்கம் உடையது.

ஊவாச்சாரல்:

சோதனைகளைத் தரம் 10 வகுப்பில் செய்தோம். ரெஜிபோமில் மிதந்த மணி காந்தத்தை நோக்கி மெதுவாகத் திரும்பி, பின்னர் ஊர்ந்து வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். புறவூதா ஒளியில் மணி இருண்டே கிடந்தது, எங்கள் வெள்ளைச் சீருடைகள்தான் நீலமாக ஒளிர்ந்தன. கண்ணாடித் தாளை வைத்து எண்ணியதில் ஏறக்குறைய 30 வீதப் புள்ளிகள் சிவப்பில் விழுந்தன.

தரகர் வந்தார். கல்லை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது எனக்கு இன்னொரு கேள்வி. சரிந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பாதையோரமாகவே பாறை முகம் ஒன்று வெளித்தெரிகிறது. பாதையில் நின்றபடியே பார்த்தேன். அதிலும் இதே பட்டைகளும் சிவப்பு மணிகளும் உள்ளன. பட்டைகள் கிடையாக இல்லை. மலைக்குள் இறங்குவதுபோல் சாய்ந்திருக்கின்றன. கல் அங்கிருந்து வந்ததாகக் கொள்ளலாமா?

பேராதனை மாணவன்:

கொள்ளலாம். கூரான விளிம்பு, ஒரே கனிமச் சேர்க்கை, சில மீற்றர் தூரத்தில் தாய்ப்பாறை. இதைவிடத் தெளிவான சான்று வெளிக்களத்தில் அரிதாகவே கிடைக்கும்.

பட்டைகள் சாயும் திசையைக் கவனித்தது மிகவும் நல்லது. அவை சரிவின் திசையிலேயே வெளிநோக்கிச் சாய்ந்திருந்தால், மழை நீர் பட்டைகளுக்கிடையே புகுந்து பாறைப் பலகைகளையே வழுக்கச் செய்யலாம். உங்கள் இடத்தில் அவை மலைக்குள் இறங்குவதால் அந்த வகை ஆபத்து குறைவு. விழுந்தது பாறைக்கு மேலே படிந்துள்ள சிதைந்த மண்ணும், அதற்குள் கிடந்த கல்லும். அந்த மண் இன்னும் அங்கேயே இருப்பதால் அடுத்த மழைக்கும் அது விழக்கூடும். மேட்டின் தலைப்பில் பிறை வடிவ வெடிப்போ, புதிதாகக் கலங்கல் நீர் கசிவதோ தெரிந்தால், கிராம அலுவலரிடமும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்திலும் சொல்ல வேண்டும். மண்சரிவு அபாயத்தை மதிப்பிடுவது அவர்களின் பணி.

ஊவாச்சாரல்:

மேட்டின் தலைப்பைத் தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர் பார்த்து வந்தார். வெடிப்பு எதுவும் இல்லையாம். ஆனாலும் கிராம அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுத்துவிட்டோம். கானில் அடைத்திருந்த மண்ணும் அள்ளப்பட்டுவிட்டது.

கல்லைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் வைக்கப் போகிறோம். பளபளப்பாக இருக்க வார்னிஷ் பூசலாம் என்று ஒரு மாணவன் கேட்கிறான். பூசலாமா?

கல்நோக்கி:

பூச வேண்டாம். வார்னிஷ் பூசினால் குவார்ட்ஸின் கண்ணாடி மினுக்கத்துக்கும் பெல்ஸ்பாரின் முத்து மினுக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். காரியமும் தாளில் எழுதாது. பழைய பல் துலக்கியால் நீர் மட்டும் ஊற்றித் தேய்த்து, வெயிலில் உலர வையுங்கள். துருத்தோலை ஒரு பக்கத்தில் அப்படியே விட்டுவிடுங்கள்; அடுத்த வருட மாணவர்கள் தோலையும் உள்ளையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரு மூலையில் வெள்ளைப் பூச்சை ஒரு பொட்டாக வைத்து அதில் இலக்கமிட்டு, எடுத்த இடத்தையும் பட்டைகள் சாய்ந்த திசையையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். கழன்ற அந்த 5.12 கிராம் மணியைத் தனியாக ஒரு மூடியுள்ள போத்தலில் இட்டு அதே இலக்கத்தைக் கொடுங்கள்; மேசைமேல் விட்டால் ஆய்வுகூடத்தில் நிற்காது.